நான்கு கரை நட்பின் எடை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குச் சண்டை அலுத்துப்போய்க் கூட்டம் போடும் ஆசை பிடித்திருந்த காலத்தில், ஒரு பெரிய ஏரி இருந்தது. அதைச் சுற்றி வடகரை, தென்கரை, கீழ்க்கரை, மேல்கரை என்று நான்கு நாடுகள். நான்கு ராஜாக்கள், நான்கு கொடிகள், ஒருவர் குறித்த நாளை இன்னொருவர் ஒப்புக்கொள்ளாத நான்கு ஜோசியர்கள். ஆனால் சனங்கள் காசு போட்டு வைக்கிற கடை மட்டும் ஒன்றே ஒன்று. வடகரையில் மாளிகை கட்டி வாழ்ந்த சாவுகார் கனகசபேசன் நான்கு தலைநகரங்களிலும் கிளை திறந்து வைத்திருந்தார்.

கடையில் பொன் இருக்கிறதா என்று அந்தந்த நாட்டுப் பொக்கிஷ அதிகாரி வருஷம் ஒருமுறை சோதனை போடுவார். சோதனை என்றால் நினைத்தபோது போய் நிற்க முடியுமா? ஜோசியர் நாள் குறிக்க வேண்டும், ஊரில் பறை அறைய வேண்டும், கடை வாசலில் வாழைமரம் கட்ட வேண்டும். அதிகாரி வருவார்; பெட்டகம் திறக்கும்; பொன் மின்னும். முத்திரை வைத்து, சந்தனம் பூசிக்கொண்டு, விருந்து சாப்பிட்டுப் போவார். நான்கு ஜோசியர்களுக்கும் ஒத்துப்போகாததால் நான்கு சோதனையும் நான்கு வெவ்வேறு நாளில்தான் நடக்கும். பக்கத்துக் கரை அதிகாரியிடம் "உங்கள் பெட்டகத்தில் என்ன பார்த்தீர்?" என்று கேட்பது, பந்தியில் அடுத்த இலையை எட்டிப் பார்ப்பது போன்ற அநாகரிகம்.

இந்த அழகில், நான்கு அதிகாரிகளும் சேர்ந்து 'நாற்கரை ஒத்துழைப்பு மகாசபை' என்று ஒன்று நடத்தினார்கள். வந்ததற்காக ஒருவருக்கொருவர் நன்றி சொல்வார்கள். இன்னும் அதிகமாக ஒத்துழைப்பது என்று தீர்மானம் போடுவார்கள். பொன்னாடை போர்த்திக்கொள்வார்கள். அடுத்த சபை எந்த ஊரில், அங்கே மீன் நன்றாக இருக்குமா என்பதில் மட்டும் விவாதம் உண்மையாகவே சூடு பிடிக்கும்.

அந்த வருஷம் சபை வடகரையில் கூடியது. வடகரை அரண்மனை விகடகவி அம்பலத்தாடி விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அவனுடைய அக்காள் செங்கமலம் வாசலில் வந்து உட்கார்ந்தாள். தென்கரையில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபின் கருவாடு விற்று மகளை வளர்த்தவள்.

"என்னக்கா, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வர்றே?"

"கல்யாணத்துக்குச் சேத்த காசைக் கேட்டா, கடைக்காரன் வெள்ளிக்கிழமை வான்னு சொல்றான்டா. எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்ல மாட்டேங்கறான். எங்க ஊரு அதிகாரிகிட்ட போனேன். சாவுகார் வடகரைக்காரரு, அங்க போய்க் கேளுன்னாரு. இங்க வந்தா, உங்க பொக்கிஷதாரு வல்லபேசரு, நீ காசு போட்டது தென்கரையில, அங்கயே கேளுங்கறாரு. ஏரியிலயே குடித்தனம் பண்றேன். படகுக் கூலி குடுத்தே பாதி சீர் போயிருச்சு."

"இடுப்புக்கு என்ன?"

"படகுல இடமில்ல. சாவுகார் ஆளுங்க கருவாட்டுப் பாய் போட்டு மூடி ஒரு இரும்புப் பெட்டியக் கொண்டாந்தாங்க. அது மேல உக்காந்து வந்தேன். போன தடவையும் அதே பெட்டிதான், அதே ஆணி குத்துச்சு. உங்க ஊருல சோதனை வந்தா இங்க வருது, எங்க ஊருல சோதனை வந்தா அங்க போகுது. அதுக்கு மட்டும் படகுக் கூலி கெடையாது."

அம்பலத்தாடி கட்டிக்கொண்டிருந்த தலைப்பாகையைப் பாதியில் நிறுத்தினான். கல்யாணம் எப்போது என்று கேட்டான். தை பிறந்ததும் என்றாள். அதற்குள் காசு வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துவிடுவார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

விருந்தில் வல்லபேசர் எழுந்து, நாற்கரை நட்பு மலையினும் கனமானது என்று நெடுநேரம் பேசினார். அரசர் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, "அம்பலத்தாடி, நீ என்ன சொல்கிறாய்?" என்றார்.

"மன்னவா, தூக்கிப் பார்த்தவர் யாராவது சொன்னால் நம்பலாம்."

வல்லபேசருக்கு முகம் கறுத்தது. இந்த வாய்க்காரனை அரண்மனையிலிருந்து துரத்த அவர் வெகுநாளாகக் காத்திருந்தார். "மகாராஜா, இவனே எடை போட்டுக் காட்டட்டும். முடியாவிட்டால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விட்டுவிடலாம். நட்பை ஏளனம் செய்தவனுக்கு அது குறைந்த தண்டனைதான்."

அரசருக்கு இது பாயசத்தைவிட இனித்தது. "அப்படியே ஆகட்டும். நான்கு கரை நட்பின் எடை எவ்வளவு என்று நிறுத்துச் சொல்."

"உத்தரவு மன்னவா. நட்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிறுக்க முடியும். நான்கு நாட்டு நட்பு நான்கு மகாராஜாக்களிடம் இருக்கிறது. ஆகையால் நால்வரும் அவரவர் தலைநகரில், ஒரே நேரத்தில், பொன்னுக்கு எதிராகத் துலாபாரம் ஏற வேண்டும்."

துலாபாரம் என்றதும் அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொன்னுக்கு எங்கே போவது?"

"நம் கஜானாவைத் தொடவே வேண்டாம். அந்தந்த ஊர்க் கடையின் பெட்டகத்தில், அதிகாரிகள் முத்திரை வைத்துச் சான்று கொடுத்த பொன் இருக்கிறதே. தட்டில் வைத்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். புகழ் தங்களுக்கு, பொன் கடைக்கு."

செலவில்லாத புகழை வேண்டாம் என்று சொன்ன ராஜா இதுவரை பிறக்கவில்லை. மற்ற மூன்று கரை அதிகாரிகளும் தங்கள் ராஜாக்கள் சார்பில் அங்கேயே சம்மதம் சொன்னார்கள். வல்லபேசர் மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நான்கு ஜோசியர்களும் ஒரே முகூர்த்தத்துக்கு எப்போதய்யா ஒத்துக்கொண்டார்கள்?"

"வருகிற அமாவாசையன்று சூரிய கிரகணம். கிரகணம் விட்டவுடன் ராஜாக்கள் துலாபாரம் ஏறுவது சாஸ்திரம். வடகரையில் இன்றைக்கும் தென்கரையில் நாளைக்கும் விடுகிற கிரகணத்தைத் தங்கள் ஜோசியர் கண்டிருந்தால் சொல்லச் சொல்லுங்கள்."

பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாவுகார் கனகசபேசனுக்குப் புரையேறியது. சான்று கொடுத்த அதிகாரிகள் நால்வரும் எதிரே இருக்கும்போது அவர் என்ன வாய் திறப்பார்? பக்கத்தில் இருந்தவர் தலையில் தட்டிவிட்டார்.

கிரகணம் வந்தது, விட்டது. ராஜாக்கள் குளித்து, ஈர வேட்டி மாற்றி, தராசில் உட்கார்ந்தார்கள். நான்கு ராஜாக்களில் ஒருவரிடம் மட்டும்தான் தப்பிக்க முடியும் என்கிறபோது, கூப்பிடு தூரத்தில் இருக்கிற ராஜாவுக்குத்தான் யாரும் பயப்படுவார்கள். சாவுகாரின் இரும்புப் பெட்டி வடகரைக்கே வந்திருந்தது. பொன் தட்டு தாழ, வடகரை அரசர் மெல்ல உயர்ந்தார். சனங்கள் கோஷமிட்டார்கள். அரசருக்கு மேலே காற்று நன்றாக இருந்தது.

பிற்பகலில் படகுகள் வந்தன, சேதி வந்தது. தென்கரையில் முத்திரையை உடைத்தால் பெட்டகத்தில் ஏரி மணல். முத்திரை மட்டும் அசல். ராஜா தட்டோடு தரையில் சம்மணம் போட்டபடியே இருந்தார். எழுந்தால் அபசகுனம் என்று ஜோசியர் தடுத்துவிட்டார். கீழ்க்கரையில் ராஜாவை எப்படியாவது தூக்கியாக வேண்டும் என்று எதிர்த்தட்டில் அண்டாக்களை ஏற்றி, அதுவும் போதாமல் கடைசியில் பொக்கிஷ அதிகாரியையே ஏற்றினார்கள். அவர் சாப்பிட்டிருந்த சோதனை விருந்துகளுக்கு ராஜா விருட்டென்று மேலே போனார். மேல்கரை ராஜா, நான் தராசில் ஏறவே இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று பறை அறைவித்துவிட்டார். மூன்று ஊரிலும் கடை வாசலில் சனம் கூடியது. கடை பூட்டியிருந்தது.

வடகரை அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சொல் அம்பலத்தாடி, நட்பின் எடை எவ்வளவு?"

"ஒரு ராஜாவின் எடை, மன்னவா. அதைத்தான் நால்வருக்கும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்."

அரசர் மறுபடி சிரித்தார். வல்லபேசர் ஒரு கணம்தான் திகைத்தார். உடனே முன்னே வந்து கைகட்டினார். "மகாராஜா, பொன் நம் மண்ணில் இருக்கிறது. ஆகவே அது நம் கரைக்கே உரியது. மற்றவர்கள் வாய் திறக்குமுன் கஜானாவில் வைத்துப் பூட்டிவிடலாம்."

"சபாஷ். சாவுகாரை என்ன செய்யலாம்?"

"வடகரையில் அவர்மேல் குற்றமே இல்லையே. இங்கே பெட்டகம் நிறைந்துதானே இருந்தது."

அரசர் வல்லபேசருக்குப் பல்லக்கு ஒன்று கொடுத்தார். பிறகு விகடகவியின் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன வேண்டும்? கேள்."

அம்பலத்தாடி கும்பிட்டான். அன்றைக்கு அவன் விகடம் எதுவும் யோசித்திருக்கவில்லை. "மன்னவா, அந்தத் தட்டில் இருப்பது நான்கு கரைச் சனங்களும் போட்ட பொன். அதை நான்காகப் பங்கிட்டு அவரவருக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்."

அரசர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வர, கிரீடம் சரிய, சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அரசர் சிரித்ததால் சபையும் சிரித்தது. "இத்தனை வருஷத்தில் நீ சொன்னதிலேயே இதுதானய்யா சிறந்த விகடம்" என்று சொல்லி, தட்டிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து அவனிடம் வீசினார்.

படகுத்துறையில் செங்கமலம் அந்தச் சங்கிலியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மீன் நிறுத்துப் பழகிய கை. ஒருமுறை தூக்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நான் போட்டதுக்கு மேலயே இருக்கேடா. யாருது?"

"உன்னோடதுதான்க்கா. மிச்சம் உன் தெருவுல யாருதாவது இருக்கும்."

"தெருவுல எல்லாரும்தான் போட்டிருக்காங்க. வாசல்ல உக்காந்திருக்காங்க. போய் இறங்கினா முகத்தப் பாக்கணுமே."

"அவங்களுக்கு மகாசபை இருக்குக்கா. அடுத்தது மேல்கரையில. வல்லபேசர்தான் தலைவராம்."

அவள் சங்கிலியை முந்தானையில் முடிந்து படகில் ஏறினாள். உள்ளே இடம் தாராளமாக இருந்தது. பெட்டி இல்லை. வெறும் பலகையில் உட்கார்ந்து, "என் காசு மேலயே உக்காந்துகிட்டு என் காசத் தேடியிருக்கேன் பாரு" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கதை இவ்வளவுதான். ராஜா சிரித்தார், விகடகவி பரிசு பெற்றான், வடகரையில் எல்லாரும் சுகம். மற்ற மூன்று கரைகளில், கேட்டால் வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார்கள்.