ஆள்காட்டி கத்துமிடம்

“பயம் போக ஒரு வழி சொல்லுங்க சிஸ்டர்,” என்று கேட்டாள் ஜெசிந்தா.

மடத்தை விட்டு வந்து வருஷக்கணக்காகியும் அந்த அம்மாளை ஊர் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. ஊருக்கு வெளியே, சரளைக்கல் முற்றமுள்ள ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். தேடி வருகிறவர்களுக்கு ஏதாவது சொல்வார். பல நேரம் சொல்லமாட்டார்.

ஜெசிந்தா கைக்குழந்தையோடு அங்கே ஓடி வந்தவள். புருஷன் தொம்மை, குடிவெறியில் பிள்ளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கப் போனவன். இப்போது பிள்ளையைப் பறித்துப்போக ஆள் விட்டுத் தேடுகிறான் என்று கேள்வி. வாசலில் பால்காரர் மணியடித்தால்கூட அவள் ஓடிப்போய்த் தொட்டிலைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

சிஸ்டர் முற்றத்தைப் பார்த்தார். அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

“அது முட்டையிட்டிருக்கு. எங்கேன்னு கண்டுபிடி.”

இதென்ன பெரிய காரியம் என்று, கத்துகிற இடத்துக்குப் போனாள். கிணற்றடி. ஒன்றுமில்லை. குருவி வேலியோரம் போய்க் கத்தியது. அங்கேயும் போனாள். நாள்கணக்கில் வெயிலில் அலைந்ததுதான் மிச்சம்.

“பேருதான் ஆள்காட்டி. ஒண்ணையும் காட்டல,” என்று எரிந்து விழுந்தாள்.

“முட்டையைக் காட்டுமானா முட்டைகாட்டின்னு பேரு வச்சிருப்பாங்க.”

அலுத்துப்போய் ஒரு நாள் ஜன்னலுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்தாள்.

முற்றத்தில் ஆள் இல்லை. கத்தின குருவி வாயை மூடிக்கொண்டது. யார் வீட்டுக்கோ போவதுபோல நடந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெறும் சரளையில் உட்கார்ந்தது.

கல்லோடு கல்லாய் முட்டைகள். அவள் தினமும் தாண்டிப் போன இடம். அங்கே நின்று அது ஒரு தடவைகூடக் கத்தியதில்லை.

“அதுக்குப் பயமே இல்லையா சிஸ்டர்?”

“பயமில்லாமலா இந்தக் கத்து கத்துது?”

சிஸ்டர் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. கொழுந்தன் சவரி இறங்கினான், கூட ரெண்டு பேர். பிள்ளை உள்ளறைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தாவின் கால் தானாக உள்ளறைப் பக்கம் திரும்பியது.

சிஸ்டர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜெசிந்தா நின்றாள். பிறகு வாளியிலிருந்த ஈரத்துணியை அப்படியே போர்வையில் சுருட்டினாள். மாரோடு அணைத்துக்கொண்டு, வேலிச் சந்தில் புகுந்து ஓடினாள். பிள்ளையைத் தூக்க வர்றாங்களே, பிள்ளையைத் தூக்க வர்றாங்களே என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடினாள். மூன்று பேரும் அவள் பின்னால் ஓடினார்கள்.

வாய்க்கால் கரையில் பிடித்தார்கள். சவரி போர்வையைப் பிரித்தான்.

“உள்பாவாடைக்கா அண்ணி இம்புட்டு ஓட்டம்?”

சிரித்துவிட்டு அறைந்தான்.

அவளை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து வீட்டைப் புரட்டினார்கள். தொட்டில் காலியாகத் தொங்கியது. முறத்தில் பாதி ஆய்ந்த கீரை கிடந்தது. சிஸ்டரைக் காணோம்.

அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து சிஸ்டர் மட்டும் வீடு திரும்பினார். தொம்மை வந்து கேட்டான், கெஞ்சினான், மிரட்டினான். அவர் வாய் திறக்கவில்லை. மடத்தில் இருந்தவர் மேல் கை வைக்க அவனுக்கே துணிச்சல் வரவில்லை. பெண்டாட்டியைக் காவலில் வைத்தால் என்றைக்காவது தானே இடத்தைக் காட்டுவாள் என்று விட்டுவிட்டான்.

ஜெபமாலை மாதம் வந்தது. மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனாள். அவர்களுக்கு நேர் முன் வரிசையில் சிஸ்டர் முழந்தாளிட்டிருந்தார். கூட்டம் ஒரே குரலாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த இரைச்சலுக்குள், ஜெபத்தின் அதே இழுப்பில் ஜெசிந்தா கேட்டாள்.

“பிள்ளை அழுறானா?”

சிஸ்டர் திரும்பவில்லை. மணியை உருட்டிக்கொண்டே அதே இழுப்பில் சொன்னார்.

“முதல்ல அழுதான்.”

“இப்போ?”

“பால் மறந்துட்டான்.”

ஜெசிந்தாவின் ரவிக்கையில் ஈரம் படர்ந்தது. மாராப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

என்ன முணுமுணுப்பு, வாயைத் திறந்து சொல்லு என்று மாமியார் முழங்கையால் இடித்தாள்.

ஜெசிந்தா ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னாள்.