கயிறு வண்டியும் பெட்டி வண்டியும்

கோயம்புத்தூரில், கணபதிப் பகுதிக்குப் போகிற வழியில், ஒரு லேத்துப் பட்டறைக்கு மேல் மாடியில் ஒரு குரு இருந்தார். பெயர் பிரமிளா. வயது முப்பத்தி நான்கு. ரிமோட்டில் ஓடுகிற கார்களுக்கு இஞ்ஜின் பார்ப்பது அவர் வேலை. பொம்மைக் கார் என்று அவர் எதிரில் சொல்லிவிடக் கூடாது. பாட்டரியில் ஓடுவதில்லை அவை. நைட்ரோ என்கிற எரிபொருள் ஊற்றினால்தான் ஓடும். முழங்கை நீளம்தான் இருக்கும். புகை விடும், சூடாகும், அடுத்த தெருவரைக்கும் கத்தும்.

சீடருக்கு வயது ஐம்பத்தி ஒன்று. பெயர் தெய்வசிகாமணி. மோட்டார் பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு. இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் அந்த மாடிப்படி ஏறி, இரவல் வண்டிகளில் கை பழகியிருந்தார். அவர் குருவை வாத்தியாரே என்பார். குரு அவரை அண்ணா என்பார்.

ஒரு சனிக்கிழமை சீடர் கேட்டார்.

"வாத்தியாரே, சொந்தமா ஒரு வண்டி வாங்கப் போறேன். சும்மா ஓட்டவும் ஆகணும், ரேஸுக்கும் ஆகணும். எது வாங்கட்டும்?"

"சும்மா ஓட்டறதுன்னா யாரு ஓட்டறது?"

"என் பொண்ணு. மகிதா. பன்னெண்டு வயசாச்சு."

குருவுக்கு விஷயம் தெரியும். சீடரும் மனைவியும் பிரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மகள் அம்மாவிடம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, காலை பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் அப்பாவிடம். கோர்ட்டு கொடுத்தது அவ்வளவுதான்.

"ரேஸ் எப்ப?"

"அதே ரெண்டாவது ஞாயிறுதானுங்க. சூலூர் கிரவுண்டுல, மதியம் ரெண்டு மணிக்கு. காலையில பாப்பாகூட அங்கேயே ஓட்டிட்டு, அவளை ஒரு மணிக்கு அவ அம்மாகிட்ட விட்டுட்டு, அப்படியே ரேஸுல நின்னுக்கலாம். ஒரே வண்டி, ஒரே இடம். கணக்கா வருது பாருங்க."

குரு எழுந்து போய் இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"இதுல கயிறு இருக்கு. இழுத்தா ஸ்டார்ட் ஆகும். பாப்பாவே இழுக்கலாம். ரேஸுலயும் விடலாம். அஞ்சாவதோ ஆறாவதோ வரும்."

"அதுங்க?"

"இதுல கயிறு கிடையாது. தனியா ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. அது மேல வெச்சு அமுக்கணும். ஜெயிக்கிற வண்டி. சும்மாவும் ஓட்டலாம்."

"அப்ப ரெண்டும் ரெண்டுக்கும் ஆகும்."

"ஆகும்."

சீடர் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு அடுத்த வண்டியைத் தூக்கிக் கைக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படிப் பார்க்கும்போது அவர் முகம் கொஞ்சம் இளமையாகிவிட்டது.

"பாப்பாகிட்ட போன்ல கயிறு வண்டின்னு சொல்லிட்டேன். நீயே இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம் அம்மிணின்னு" என்றார். வண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஆனா அவ சின்னப் பொண்ணு. எதுவா இருந்தா என்ன? வண்டி வண்டிதானுங்களே."

குரு மேஜை இழுப்பறையைத் திறந்து நகப்பூச்சு புட்டி ஒன்றை எடுத்தார். சிவப்பு. கார்புரேட்டர் ஓரத்தில் ஊசி மாதிரி ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்தால் நைட்ரோ நிறையப் போகும்; வண்டி புகைந்துகொண்டு, சூடாகாமல், சாதுவாக ஓடும். மூடினால் பறக்கும், ஆனால் மெதுவாக ஓட்டினால் சூடேறி நின்றுவிடும். குரு அவர் கையிலிருந்த வண்டியை வாங்கி, திருகைத் தேவையான அளவுக்குத் திறந்து வைத்து, அதன் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்தாற்போல ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

"காலையில ரெண்டு பக்கத்துக் கோடும் நேரா இருக்கணும். மதியம் உங்க இஷ்டம்."

"மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"சரியா வர்றதுக்கு இருபது நிமிஷம்."

"இருபத்தாறு வருஷமா பம்பு டெஸ்ட் பண்றேன் வாத்தியாரே. எனக்கா?"

பெட்டி வண்டியை எடுத்துக்கொண்டு சீடர் படியிறங்கிப் போனார்.

அந்த இரண்டாவது ஞாயிறு அவர் ரேஸில் முதலாவதாக வந்தார். கோப்பையோடு எடுத்த படத்தைக் குருவுக்கு அனுப்பினார். படத்தில் மகள் இல்லை. அவள் ஒரு மணிக்கே போய்விட்டிருந்தாள்.

அடுத்த மாதம் மகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். அதற்கடுத்த மாதம் தலைவலி.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வழக்கமில்லாத நாளில், சீடர் மாடியேறி வந்தார். ஒரு கையில் வண்டி. இன்னொரு கையில் மடித்த காகிதம்.

"அந்தக் கயிறு வண்டி இருக்குதுங்களா?"

"இருக்கு. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "பாப்பாவுக்கு வர்றதுக்கு இஷ்டமில்லைன்னு அவ அம்மா மனு போட்டிருக்காங்க. வியாழக்கிழமை கோர்ட்டுல வரச் சொல்லியிருக்கு. அவளைத் தனியா கூப்பிட்டுக் கேப்பாங்களாம். அப்பாகிட்ட போறியா, இல்லையான்னு. அவ இல்லைன்னுட்டா அதோட முடிஞ்சுது."

"கையில என்ன காகிதம்?"

"மனுவோட வெச்சிருந்தாங்க. அவ கைப்பட எழுதினது."

குரு வாங்கிப் படித்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். மூன்றே வரி.

அப்பா நல்லவர்தான். அன்னைக்கு நான் பதினாலு நிமிஷம் ஓட்டினேன். மீதி நேரம் பெட்டி மேல உட்கார்ந்திருந்தேன்.

"பதினாலு நிமிஷமாம்!" சீடர் குரல் உடைந்தது. "மூணு மணி நேரம் கூடவே இருந்தேன் வாத்தியாரே. ஒரு போன் எடுக்கலை. ஒரு டீக்குப் போகலை. பன்னெண்டு வயசுப் புள்ள நிமிஷக் கணக்கா எழுதுமா? எல்லாம் அவ அம்மா சொல்லிக் குடுத்தது."

குரு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வண்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருகின் தலையிலிருந்த சிவப்பு ஒரு பக்கம் இருந்தது. உலோகத்திலிருந்த சிவப்பு வேறு பக்கம் இருந்தது.

"அன்னைக்குக் காலையில கோடு நேராத்தானே இருந்துச்சு?"

சீடர் அந்தத் திருகை விரலால் தொட்டார்.

"மதியம் மாத்தப் போயி செட்டிங் சொதப்பிருச்சுன்னா என்ன பண்றது? அதனால சனிக்கிழமையே ரேஸ் செட்டிங்ல வெச்சுட்டேன்" என்றார். "ஓடுச்சுங்க. நடுவுல நடுவுல நின்னுச்சு, அவ்வளவுதான். நின்னப்ப எல்லாம் நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன்."

"பாப்பா என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலை. வந்ததும் கயிறு எங்கேப்பான்னு கேட்டா. இது அதைவிட நல்ல வண்டி அம்மிணின்னேன். அதுக்கப்புறம் பேசலை. அப்படி அமைதியான புள்ளைங்க அது."

குரு வண்டியை மேஜையில் வைத்தார்.

"நாளைக்கு லீவு போடுங்க. பத்து மணிக்கு கிரவுண்டுக்கு வாங்க. வண்டி ஓட்டலாம்."

"நாளன்னைக்குக் கோர்ட்டு வாத்தியாரே. நாளைக்கு வண்டி ஓட்டறதா?"

"பத்து மணிக்கு."

புதன்கிழமை சூலூர் கிரவுண்டில் ஒருவருமில்லை. ரேஸ் பாதையின் வளைவுகளில் பதித்த பிளாஸ்டிக் குழாய்கள் வெயிலில் பளபளத்துக் கிடந்தன. நிழலுக்கு ஒரே ஒரு வேலமரம். குரு முன்னமே வந்து தரையில் சாக்கு விரித்து, சாமான்களைப் பரப்பியிருந்தார். ரிமோட்டை எடுத்துச் சீடர் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நீங்க ஓட்டறீங்க. நான் வண்டியைப் பாத்துக்கறேன்."

ஸ்டார்ட்டர் பெட்டி மேல் வைத்து அமுக்கினார். வண்டி கத்திக்கொண்டு பாய்ந்தது. சீடருக்குக் கோர்ட்டு மறந்துவிட்டது. ஒரு சுற்று, இரண்டாவது சுற்றில் பாதி. நின்றுவிட்டது.

குரு ஓடிப்போய் எடுத்து வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார். "ஒரு நிமிஷம்ங்ணா."

பிளக்கைக் கழற்றினார். துடைத்தார். ஊதினார். திரும்ப மாட்டினார். திருகைத் தொடவில்லை. சீடர் ரிமோட்டோடு நின்றார்.

"திருகைக் கொஞ்சம் திறந்து விடுங்க வாத்தியாரே. சூடாகுது."

"அது இருக்கட்டும். நீங்க ரிமோட்டைப் புடிங்க."

வண்டி மறுபடி ஓடியது. இரண்டு சுற்று.

"கல்லுப் பக்கம் விடாதீங்கண்ணா. அடி பட்டுறப் போகுது."

சீடர் கல்லுப் பக்கம் விடவில்லை. பாதையின் நடுவில் மெதுவாக விட்டார். மெதுவாக விட்டதால் சூடேறி நின்றது.

"ஒரு நிமிஷம்."

பதினொன்றரை ஆனது. வேலமரத்து நிழல் நகர்ந்து சாக்கின் மேல், குருவின் மேல், வண்டியின் மேல் விழுந்தது. சீடர் நின்ற இடத்தில் நிழல் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியை வெயிலில் இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் முட்டி தாடைக்கு வந்தது. குரு நிமிர்ந்தே பார்க்கவில்லை. இஞ்ஜினோடு தனக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, தண்ணி இருக்குதுங்களா?"

"ம்? இதோ, ஒரு நிமிஷம்."

தண்ணீர் வரவில்லை. அடுத்த தடவை வண்டி முழுதாக ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. அதற்கடுத்து ஸ்டார்ட்டே ஆகவில்லை. சாலையோடு போன மொபெட்காரர் ஒருவர் நிறுத்தி, "ஏனுங்க, கார் ரிப்பேருங்களா? அந்தண்ணன் எதுக்கு வெயில்ல காயுது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். குருவுக்கு அதுவும் காதில் விழவில்லை.

பன்னிரண்டேமுக்காலுக்குச் சீடர் எழுந்துவிட்டார்.

"போதுங்க" என்றார். பிறகு சத்தமாகவே கேட்டார். "என்னை என்னன்னு நினைச்சீங்க? நாளைக்கு என் பொழப்பு அங்க தொங்குது. லீவு போட்டுட்டு வந்து வெயில்ல உக்காந்திருக்கேன். ரிமோட்டை மாட்டி வைக்கிற ஸ்டாண்டா நான்? திரும்பியாவது பாத்தீங்களா? ஓட்ட வாங்கன்னு கூப்பிட்டீங்க. பத்து மணியில இருந்து நான் ஓட்டினது எவ்வளவு தெரியுமா? பதினாலு நிமிஷம். வாட்ச்சைப் பாத்துட்டேதான் இருக்கேன். பதினாலே நிமிஷம்!"

குரு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"யாருங்ணா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

சீடர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். திரும்பி, அந்தப் பெட்டியைப் பார்த்தார். பன்னிரண்டு வயதுப் பெண் உட்கார்ந்தால் அது சரியான உயரமாகத்தான் இருந்திருக்கும்.

குரு சாமான்களைத் துடைத்துத் துடைத்துப் பையில் போட்டார். மிச்சமிருந்த நைட்ரோவை வடித்தார். தண்ணீர் புட்டியை எடுத்துச் சீடர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"அந்தக் கயிறு வண்டியை நாளைக்குக் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

"எதுக்கு?"

"அவ பாக்கட்டும்னுதான்."

"பாத்துட்டு?"

சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போய் மறைந்தது. அது போன பிறகு சீடர் கேட்டார். குரல் சின்னதாகிவிட்டது.

"சரிங்க. வண்டி வேண்டாம். நாளைக்கு அவங்க கேக்கறப்ப நான் என்ன சொல்லட்டும் வாத்தியாரே? அதையாவது சொல்லுங்க."

குரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உங்களைக் கேக்க மாட்டாங்கண்ணா. அவளைத்தான் கேப்பாங்க."