சவுக்கடி முத்திரை

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் இன்றும் யாராவது சண்டைக்கு வரக்கூடிய ஒரு நாட்டில், அரசனுக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்தது. கடல் கடந்து வந்த ஓர் இளங்குதிரையை வாங்கினான். காற்றாய் ஓடியது. 'நில்' என்றால் மட்டும் நிற்காது. ஒருநாள் காலை அது அரசனைச் சாணக் குழியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. குதிரை நின்றதும் அரசன் அதற்கு ஒரு சவுக்கடி கொடுப்பான். ஆணைக்கு வைக்கும் முத்திரையாம். பாட்டன் காலத்து வழக்கம். குறை சொன்னவன் நாக்கு போய்விடும்.

தளபதி உக்கிரசிம்மனுக்கு விகடகவி வெண்காடனைக் கண்டாலே ஆகாது. அன்று சபையில் எழுந்தான்.

"அரசே! ஊரையே சிரிக்க வைப்பவர் ஒரு குதிரையை நிற்க வைக்கமாட்டாரா?"

"நல்ல யோசனை," என்றான் அரசன். அவன்மேல் சாண வாடை இன்னும் போகவில்லை. "வெண்காடா, பொழுது சாய்வதற்குள் அது என் சொல்லுக்கு நிற்க வேண்டும். இல்லையேல் உன் தலை போகும்."

தளபதிக்கு அதோடு விட மனமில்லை. "தங்கள் சொல்லுக்கு நான் கல்லாய் நிற்பேன், அரசே. அந்தப் பணிவில் பாதி அந்த மிருகத்துக்கு இருந்தால் போதும்!"

வெண்காடன் கைகூப்பினான். "அப்படியானால் வேலை சுலபம். தளபதியார் செய்து காட்டட்டும். குதிரை பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்."

அரசனுக்கு அது பிடித்துவிட்டது. குதிரையை லாயத்து வாசலில் கட்டினார்கள். தளபதி மீசையை முறுக்கிவிட்டு மைதானத்தில் ஓடினான்.

"நில்!"

சொன்னபடியே கல்லாய் நின்றான்.

"முத்திரை, அரசே," என்றான் வெண்காடன் பணிவாக. "வழக்கத்தை விட்டால் குதிரை தப்பாகக் கற்றுக்கொள்ளும்."

சவுக்கு தளபதியின் பின்புறத்தில் விழுந்தது. அடுத்த 'நில்'லுக்குக் கொஞ்சம் தள்ளிப் போய்த் தயங்கி நின்றான். அதற்கும் விழுந்தது. மறுபடி 'நில்' என்றதும் வேகம் பிடித்தான். வைக்கோல் போரில் தாவி லாயத்துக் கூரைமேல் ஏறிக்கொண்டான்.

"உக்கிரசிம்மா! நில் என்றேனே!"

"நின்றால் அடிக்கிறீர்களே, மகாராஜா!"

அரசன் கையிலிருந்த சவுக்கைப் பார்த்தான். பிறகு குதிரையைப் பார்த்தான்.

"அதுவும் இதைத்தான் சொல்கிறது, அரசே," என்றான் வெண்காடன். "அதற்குப் பேச வராது. தளபதியார் தம் வாயை இரவல் கொடுத்தார்."

அரசன் சவுக்கை எறிந்துவிட்டுக் குதிரை ஏறினான். முதலில் அது நம்பவில்லை. நின்றபோதெல்லாம் உடம்பு நடுங்கியது. வெண்காடன் சொன்னபடி, அது நின்றதும் அரசன் கடிவாளத்தைத் தளர்த்தினான், கழுத்தைத் தடவினான், ஒரு பிடி கொள்ளு கொடுத்தான். வெயில் தாழும்போது, வாய்க்குள் முணுமுணுத்தாலே போதும், நின்றது.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி, தப்பித்த வெண்காடனின் கழுத்தில் போட்டான். "இன்றோடு முத்திரை ஒழிந்தது!" என்று அறிவித்தான்.

கூரைமேலிருந்து ஒரு குரல் வந்தது.

"குதிரைக்கு மட்டுமா மகாராஜா, எனக்குமா?"