நண்டின் முப்பத்தைந்து கல்

"விலாங்கு கவசமே வேண்டாமென்றுவிட்டதாம். அத்தனை கல்லையும் வேகத்துக்கே போட்டுக்கொண்டதாம்."

பாறையைக் கடந்து போன இரண்டு சாளை மீன்கள் பேசிக்கொண்டது கொடுக்கன் என்ற நண்டின் காதில் விழுந்தது. அவனுக்குப் பசி போய்விட்டது.

கடலுயிர்கள் வாய் திறந்து பேசிய காலம் அது. பிறந்த உடம்போடு யாரும் இருப்பதில்லை. வேண்டியதைச் சொல்லி, எட்டுக்கைப் பேய்க்கணவாயிடம் புது உடம்பைக் கட்டிக்கொள்வார்கள். ஒருவரைவிட ஒருவர் பெரிதாகக் கட்டப்போய்ச் சண்டை மூண்டது. கடலடி முழுக்க எலும்பாய்க் கிடந்தது. மிஞ்சியவர்கள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தார்கள்: எவர் உடம்பும் முப்பத்தைந்து கல் எடையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கணவாய் பிரித்துப் போட்டுவிடும். கட்டுவதும் ஒரே முறைதான்.

கொடுக்கனின் அண்ணன்மார் மூவரையும் விலாங்கு தின்றிருந்தது. அதனால் அவன் கணவாயிடம் போய்ப் பெரிய கொடுக்கு கேட்டான், உடம்பு முழுக்க ஓடு கேட்டான், இப்போது விலாங்கை முந்தும் கால்களும் கேட்டான். கணவாய் எட்டுக் கைகளாலும் தூக்கி நிறுத்துப் பார்த்தது. நாற்பத்திரண்டு கல். ஏழு கல்லைக் குறைக்கச் சொன்னது.

கொடுக்கைக் குறைக்க மனமில்லை. கால்களைக் குறைக்கப் பயம். எதிரி முன்னால்தானே வருவான் என்று நினைத்து, பின்னுடம்பின் ஓட்டை எடுத்துவிடச் சொன்னான் கொடுக்கன். கணவாய் உரித்தது, நிறுத்தது, எடை சரி என்றது. பிறகு மெல்லக் கேட்டது:

"நீ ஓடும்போது விலாங்குக்கு எந்தப் பக்கமப்பா தெரியும்?"

தண்ணீர் இவ்வளவு குளிரும் என்று கொடுக்கனுக்கு அதுவரை தெரியாது.

திரும்பும் வழியில் ஒரு மீனும் தென்படவில்லை. பாசிகூட ஆடாமல் நின்றது. கொடுக்கன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். பின்னால் ஏதோ ஒன்று அவசரமில்லாமல் வந்தது. அவ்வப்போது அதன் மூக்கு அவன் மெத்தென்ற சதையைத் தொட்டுவிட்டு விலகியது.

பக்கத்துப் பாறையில் இருந்த சங்கு வெள்ளையம்மாள், எல்லாக் கல்லையும் ஓட்டுக்கே செலவழித்தவள். அவள் வாசலைத் தட்டினான்.

"யாரு, கொடுக்கனா? உள்ளே ஒருத்தருக்குத்தான் இடம், தம்பி."

"தெரியும், அக்கா," என்றான் கொடுக்கன். பெரிய கொடுக்கை உள்ளே விட்டான்.

அவளைத் துண்டு துண்டாக வெளியே இழுத்துப் போட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் பின்பக்கமாக நகர்ந்து, காலியான சுருளுக்குள் வெற்றுடம்பை நுழைத்துக்கொண்டான்; விலாங்கின் மூக்கு ஓட்டில் முட்டி விலகியது. கணவாய் வந்து, எடை தாண்டிவிட்டானா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. செத்தவர்களின் எடை உடன்படிக்கையில் இல்லை. அது போய்விட்டது.

அந்த நாள் தொட்டுத்தான் அவன் வம்சத்து நண்டுகள் செத்த சங்குக்குள் குடியிருந்து, கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்கின்றன. வளர்ந்து இடம் போதாமல் போனால், மெல்ல வெளியே வந்து அடுத்த சங்கைத் தட்டுகின்றன.