நிழற்குடையின் காவல்காரர்

பாளையங்கோட்டையில் ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோவின் மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள், ஒரு சமூக வலைத்தளம் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகத்தையே வளைத்துப் போட்டிருக்கும் பெரிய தளம் அல்ல. இதில் ஆயிரத்து நானூறு பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் நர்ஸுகள். விளம்பரம் கிடையாது. யார் எதைப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று மோப்பம் பிடிக்கிற வேலையும் கிடையாது.

பெயர் நிழற்குடை. பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நிற்பவரிடம் யாரும் ஊர் பேர் கேட்பதில்லை அல்லவா, அதனால் அந்தப் பெயர். இதைப் போலவே நாகர்கோவிலில் ஒன்று, கோவில்பட்டியில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று, தோஹாவில் ஒன்று இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். ஒன்றில் இருப்பவர் மற்றதில் இருப்பவரோடு பேசலாம். இந்த இடம் பிடிக்கவில்லை என்றால் மூட்டை முடிச்சோடு அடுத்த இடத்துக்குக் குடிபோகலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முதலாளி என்று யாரும் இல்லை.

எங்கள் ஊரில் இப்படி ஒன்று இருப்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

நடத்துபவர் எப்சிபா டீச்சர். வயது முப்பத்து மூன்று. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். அவருடைய ஒரே சீடர் பூதலிங்கம் அண்ணாச்சி. வயது அறுபத்தொன்று. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருவும் சீடரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கீழே ஸ்டுடியோக்காரர் கேலி செய்வார். அண்ணாச்சி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உண்மையிலேயே அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அது பரம ரகசியம். மனைவிக்கு மட்டும் தெரியும்.

அந்த ரகசியத்தால்தான் அவர் சீடரானார். ஒருநாள் தன் செல்போனில் காது மெஷின் என்ன மாதிரியெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். ஒரே ஒரு முறைதான். மறுநாள் முதல் செய்தி படித்தாலும் காது மெஷின், பஞ்சாங்கம் பார்த்தாலும் காது மெஷின். இளைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, மூத்த மகள் வழிப் பேத்தியின் போட்டோவைக் காட்டலாம் என்று போனை நீட்டினார். திரை முழுக்க ஒரு பெரிய காது வந்து நின்றது. கீழே, 'உங்களுக்குக் கேட்கவில்லையா?' என்று கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி.

சம்பந்தியாக வர இருந்தவர் சிரித்துவிட்டார். அண்ணாச்சிக்கு உயிரே போய்விட்டது.

அவமானம் காதைப் பற்றியது மட்டுமல்ல. வெளியூர்ப் பேச்செல்லாம் ஆபரேட்டர் வழியாகப் போன ட்ரங்க் கால் காலத்தில் இந்த ஊரின் ரகசியம் முழுவதும் அவர் காது வழியாகத்தான் போனது. வியாபாரிகளின் பேச்சு, காதலர்களின் பேச்சு, சாவுச் செய்தி எல்லாம். ஒரு சொல் வெளியே விட்டதில்லை. ஒரு பெரிய அதிகாரி, இன்ன ஆள் போனில் என்ன பேசினான் என்று கேட்டபோது, 'லைன்ல இரைச்சல் சார், ஒண்ணும் கேக்கலை' என்று சொல்லி, அதற்காகக் கோவில்பட்டிக்குத் தூக்கியடிக்கப்பட்டவர். அப்படிப்பட்டவரை அவர் சட்டைப்பையில் இருந்த ஒரு பொருளே காட்டிக்கொடுத்துவிட்டது.

யாரோ சொல்லி எப்சிபா டீச்சரிடம் வந்தார். விளம்பரங்களையும் அவற்றின் பின்னால் வரும் வேவு நிரல்களையும் தடுக்கும் சின்ன மென்பொருளை டீச்சர் அவர் போனில் போட்டுக்கொடுத்தார். ஐந்து நிமிஷ வேலை. காது மறைந்தது. எந்த விளம்பரம் தொந்தரவு செய்தது என்று டீச்சர் கேட்கவே இல்லை. அண்ணாச்சி அதைக் கவனித்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து, என்ன வேலை இருந்தாலும் செய்கிறேன் என்று நின்றார்.

பிறகு ஒரு மெஷினும் வாங்கினார். பட்டாணி அளவுதான் இருக்கும். அதை மறைப்பதற்காகவே காதோர முடியை வளர்த்துக்கொண்டார்.

டீச்சர் கற்றுக்கொடுத்ததை எல்லாம் கற்றார். சர்வர் சூடாகாமல் பார்த்துக்கொள்வது, மின்சாரம் போனால் பேட்டரிக்கு மாற்றுவது, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வாளி வைப்பது. ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குச் செரிக்கவில்லை. உள்ளே வருகிறவர்கள் எந்த இணைப்பிலிருந்து வருகிறார்கள் என்ற எண்கள், அவரவர் புனைபெயரோடு திரையில் ஓடும். ஒரு மணி நேரத்தில் அவை தானாக அழிந்துவிடும். டீச்சர் அப்படி அமைத்திருந்தார்.

தொலைபேசி நிலையத்தில் ஒவ்வொரு ட்ரங்க் காலுக்கும் ஒரு சீட்டு உண்டு. எங்கிருந்து, எங்கே, எத்தனை மணிக்கு. சீட்டு எழுதாத வேலை வேலையே இல்லை என்று வளர்ந்தவர் அவர்.

"டீச்சர், யாரு வாரா, யாரு போறான்னு ஒரு குறிப்பும் இல்லாம இந்த இடத்தை எப்படிக் காவல் காக்க?" என்று கேட்டார்.

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாளி நெறஞ்சிருக்கு அண்ணாச்சி. கொட்டிட்டு வாங்க" என்றார்.

அண்ணாச்சி கொட்டிவிட்டு வந்தார். டீச்சர் வேறு வேலையில் இறங்கியிருந்தார். கேள்வி அவர் காதில் விழவில்லை போலும் என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார். மற்றவர்களுக்கும் காது கேட்காமல் போகலாம் என்பதில் அவருக்குச் சின்ன ஆறுதல்.

இங்கேதான் அவர் தப்புச் செய்தார். நல்லெண்ணத்தில் செய்த தப்பு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். மைப் பேனாவால் நேரம், புனைபெயர், எண் என்று மூன்று கட்டம் கோடு போட்டார். திரையில் எண்கள் அழிவதற்குள் பார்த்துப் பார்த்து எழுதினார். டீச்சருக்கு என்றைக்காவது தேவைப்பட்டால் எடுத்துக் கொடுத்து அசத்தலாம் என்று எண்ணம். தொலைபேசி நிலையத்தில் இணைய இணைப்பு எண்களைத் தெருவாரியாகப் பிரித்துக் கொடுத்தவர் ஆகையால் தெருப் பெயரையும் சேர்த்து எழுதினார். முத்து முத்தான கையெழுத்து.

பதினோராவது நாள், மூன்றாம் ஷிப்ட் என்ற புனைபெயரில் ஒரு நர்ஸ் நிழற்குடையில் எழுதினாள். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியைப் பற்றி. பெயர் வேண்டாம். இரவில் நாற்பது படுக்கைக்கு இரண்டு நர்ஸ். வேலையை விடலாம் என்றால் விட முடியாது, ஏனென்றால் சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். 'எங்கள் படிப்பு மேலாளர் அறை பீரோவில் இருக்கிறது' என்று முடித்திருந்தாள்.

அது கோவில்பட்டி போய், யாழ்ப்பாணம் போய், தோஹா போனது. என் சான்றிதழும் நாலு வருஷம் அதே பீரோவில்தான் இருந்தது என்று அங்கிருந்து பதில்கள் வந்தன.

அவள் எழுதிய மூன்றாம் நாள் மதியம் அந்த ஆஸ்பத்திரி மேலாளரே மாடியேறி வந்துவிட்டார். கூட கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு ஆள். மேலாளர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். அந்தப் பெண் யார் என்று மட்டும் தெரிந்தால் போதும், கூப்பிட்டுப் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்றார். பேசித் தீர்ப்பது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வேலை போகும். சான்றிதழ் பீரோவிலேயே இருக்கும். அது இல்லாமல் அவளை வேறு எந்த ஆஸ்பத்திரியும் வாசலில்கூட நிற்க விடாது.

டீச்சர் தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "எங்ககிட்ட இல்ல சார். உங்க ஆளை உக்காரச் சொல்லுங்க. நல்லாத் தேடிப் பாக்கட்டும்."

கூட வந்தவன் அரை மணி நேரம் தேடினான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எதுவும் இல்லை என்றான்.

மேலாளரின் மரியாதை அத்தோடு தீர்ந்தது. இந்த இடத்தை இழுத்து மூடிவிடுவேன் என்றார்.

"மூடுங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் கோவில்பட்டில போய் உக்காந்திருப்பாங்க. ஒரு நிழற்குடையை இடிச்சா பஸ் ஓடாதா சார்?"

மேலாளரின் பார்வை மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் மேல் விழுந்தது. பகல் முழுக்க இங்கேயே இருக்கும் ஆள் இவர்தானே, இவர் எதுவும் குறித்து வைக்கவில்லையா என்று கேட்டார்.

டீச்சர் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது. அந்தப் பெருமிதத்தைத்தான் அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை.

"எங்க அண்ணாச்சி முப்பத்தொரு வருஷம் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தவங்க. வாயைத் தொறக்காததுக்கு ட்ரான்ஸ்பர் வாங்கினவங்க. அவங்ககிட்டயே கேளுங்க."

நோட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்த நாற்காலியின் மெத்தைக்கு அடியில் இருந்தது. அவருக்குப் பக்கம்கூட நினைவிருந்தது. மதியம் இரண்டு நாற்பது, மூன்றாம் ஷிப்ட், இன்ன தெரு. அந்தத் தெருவில் நர்ஸ் என்று இருப்பவள் ஒருத்திதான். இல்லை என்று சொன்னால் அது பொய். இருக்கிறது என்றால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போச்சு, டீச்சர் சொன்ன சொல்லும் போச்சு. இரண்டையும் கெடுத்தது அவருடைய அழகான கையெழுத்து.

மேலாளர் குனிந்து, கேட்டதையே இன்னொரு முறை கேட்டார்.

அண்ணாச்சி காதோர முடியை ஒதுக்கினார். மெஷினைக் கழற்றினார். எல்லோரும் பார்க்க மேஜை மேல் வைத்தார்.

"எனக்குக் காது கேக்காது சார்."

மேலாளர் கத்திக் கேட்டார். அண்ணாச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் இன்னும் பலமாகக் கத்தினார். கீழேயிருந்து ஸ்டுடியோக்காரர் படியில் வந்து எட்டிப் பார்த்தார். சரி, இனி ஊருக்கே தெரிந்துவிடும்.

"ஒரு செவிடனைக் காவலுக்கு வெச்சிருக்கீங்க" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, நாளைக்கு வக்கீலோடு வருகிறேன் என்று மேலாளர் படியிறங்கினார்.

அண்ணாச்சிக்கு அந்த வார்த்தை கேட்கவில்லை. ஆனால் உதட்டசைவைப் படிக்கத் தெரியும். வாழ்க்கையில் எந்த வார்த்தைக்குப் பயந்து முடி வளர்த்தாரோ அது வந்து போய்விட்டது. போனபின் அவ்வளவு வலிக்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மெஷினை எடுத்து மாட்டினார். எழுந்தார். மெத்தைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து டீச்சர் முன்னால் நீட்டினார். எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன் டீச்சர். உயிர் போனாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும் அண்ணாச்சி."

டீச்சர் நோட்டைக் கையில் வாங்கினார். பிரிக்கவில்லை. ஏ.சி.க்கு அடியில் இருந்த வாளியில் அப்படியே போட்டார். அட்டை ஊறியது. பக்கங்கள் ஒவ்வொன்றாக விலகின. மைப் பேனா எழுத்து அல்லவா, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நீலமாயிற்று. அண்ணாச்சி குந்தி உட்கார்ந்து கையை உள்ளே விட்டுத் தாள்களைக் கசக்கினார். தெருக்கள் கரைந்தன. மணிகள் கரைந்தன. அந்த ஒரு பக்கம் எது என்று அவருக்கே தெரியாமல் போகும்வரை கசக்கினார்.

கடைசியில் கை முழுக்க நீலமாக இருக்க, "நான் இனி இங்க வர வேண்டாமா டீச்சர்?" என்று கேட்டார்.

டீச்சர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"வாளி நெறஞ்சிருக்கு அண்ணாச்சி. கொட்டிட்டு வாங்க."

அண்ணாச்சி போய்க் கொட்டிவிட்டு வந்தார். வெறும் வாளியைப் பழைய இடத்தில் வைத்தார். முதல் சொட்டு அதில் விழும் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது. அவர் தயங்கி நிற்பதைப் பார்த்து டீச்சர் அந்த மூலை நாற்காலியைக் காட்டினார்.

இதை எனக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள், நான் எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. நாற்காலியைக் காட்டி டீச்சர் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

"நாளைக்கு அந்த மேலாளர் மறுபடி வருவாரு. உங்ககிட்ட அதையேதான் கேப்பாரு. இப்ப உங்ககிட்ட ஒண்ணும் இல்ல, மெஷினைக் கழட்டாமலே பதில் சொல்லுங்க."