மஞ்சுப்பட்டணத்தில் எடை போடாத விருந்தாளி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் அமராவதி அக்கா. என் மூத்தவன் மஞ்சள்காமாலையோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்த ஐப்பசி மாசம், பக்கத்துக் கட்டிலில் அவர் மகள் படுத்திருந்தாள். ஊசி போடும் நேரத்தில் ரெண்டு பிள்ளைகளும் அழக்கூடாது என்று, மூன்று நாளாக நீட்டி நீட்டிச் சொன்னார். ஆண்டவன் புண்ணியத்தில் பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டன. கதை என்னிடம் தங்கிவிட்டது. கேளுங்கள்.

மேகத்துக்கு மேலேயும் மனிதர்கள் அடுப்பு மூட்டிச் சோறாக்கிய காலம் அது. ரொம்ப ரொம்ப முன்னால். அங்கே மஞ்சுப்பட்டணம் என்று ஒரு ஊர். கோயில் உண்டு, கடைவீதி உண்டு, ராஜா அரண்மனை உண்டு. தரை மட்டும் கிடையாது. ஊரே வானத்தில் மிதந்தது.

எப்படி மிதந்தது என்று கேட்பீர்கள். கிணற்றில் காலிக்குடம் மிதக்கிறதல்லவா, அப்படித்தான். அந்த உலகத்தில் கீழே இருக்கிற காற்று கஞ்சி மாதிரிக் கெட்டியான காற்று. அதன்மேல் ஒரு மலையளவு காற்றுப்பையைத் தைத்து, அதற்குள் நாம் விடுகிற மூச்சுப் போல லேசான காற்றை அடைத்து, ஆயிரம் கயிற்றில் ஊரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த உயரத்தில் இதமான வெயில், இதமான காற்று. கீழே போகப் போகக் கொதிக்கிற ஆவிக்கடல். விழுந்தால் எலும்பும் மிஞ்சாது.

அதனால் அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் எடை. பிள்ளை பிறந்தால் அதன் எடைக்கு எடை உடைந்த உரலோ ஓட்டைப் பானையோ கீழே போகும். பெண் பார்க்க வந்தால், மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்கமாட்டார்கள், எத்தனை மணங்கு என்றுதான் கேட்பார்கள். அமாவாசைக்கு அமாவாசை வீட்டுக்காரர் எல்லாரும் அரண்மனை வாசலில் இருக்கிற பெரிய தராசில் ஏறி இறங்கணும். சத்தியத் தராசு அது. அடுத்தவர் பொருளை மடியில் மறைத்து ஏறினால், அது தானாகக் கழன்று விழுந்துவிடும்.

வந்தாலும் எடை, போனாலும் எடை, விருந்தாளிக்கு மட்டும் எடையே இல்லை. சாப்பிட வந்தவர் எத்தனை தோசை தின்றார் என்று எண்ணுவோமா? அது போலத்தான். விருந்தாளியை எடை போடுவது அந்த ஊரில் பெரிய பாவம்.

அந்த ஊரில் வேம்பி என்று ஒருத்தி இருந்தாள். காற்றுப்பைமேல் ஏறி, ஓட்டை விழுந்த இடத்தில் துணி வைத்துக் குங்கிலியப் பசை பூசி ஒட்டுவது அவள் வேலை. இடுப்பில் கயிறு, கையில் பசைச்சட்டி, வாயில் அம்மன் பேர். அவளுக்குப் பவளம் என்று ஏழு வயசு மகள். புருஷன் மாடக்கண்ணு இருந்தான், இப்போது இல்லை. அது எப்படி என்று சொல்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் புகைத்தேரில் ஏறி ஒரு மந்திரவாதி வந்தான். பேர் சம்பராயன். ராஜா முகிலப்பர் வாசலுக்கே வந்து, வா என்று சொன்னார், பலகை போட்டார், தண்ணீர் கொடுத்தார். இந்த மூன்றையும் தன் கையால் செய்கிறவர் யாரோ அவரே வீட்டுக்காரர், வாங்கிக்கொள்கிறவர் விருந்தாளி. அதுதான் அந்த ஊர்ச் சட்டம். சம்பராயன் விருந்தாளி ஆனான். ஆனவன் போகவே இல்லை!

அவன் வந்த நாளிலிருந்து ஊர் இறங்க ஆரம்பித்தது. ஒரு சாண், ரெண்டு சாண், ஒரு பனையளவு. ஜனங்கள் அம்மியைப் போட்டார்கள், ஆட்டுக்கல்லைப் போட்டார்கள், அரண்மனைக் கல்யானையையும் உருட்டிவிட்டார்கள். நிற்கவில்லை. சம்பராயன் தாடியைத் தடவிச் சொன்னான்: "ஆள் பாரம்தான் காரணம். சீட்டுக் குலுக்கி ஒரு ஆளைக் கொடுங்கள். தீர்த்தம் கொடுத்து வேறொரு நல்ல நாட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்."

முதல் சீட்டு மாடக்கண்ணு பேருக்கு விழுந்தது. கமண்டலத்திலிருந்து ஒரு கை தீர்த்தம் குடித்தான், ஆளைக் காணோம். அன்றைக்கு ஊர் ஒரு சாண் உயர்ந்தது. ஒன்றரை மாசத்தில் ரெண்டு சாண் இறங்கியது. மறுபடி சீட்டு, மறுபடி ஆள். இப்படிப் பதினாலு பேர் போனார்கள்.

பதினைந்தாம் சீட்டு பவளம் பேருக்கு விழுந்தது. நாலாம் நாள் காலையில் பிள்ளையை ஒப்படைக்கணும்.

வேம்பி அழவில்லை. பசைச்சட்டியை எடுத்துக்கொண்டு காற்றுப்பைமேல் ஏறினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பார்த்தாள். ஊசி முனையளவு ஓட்டைகூட இல்லை. பிறகு ஒவ்வொரு கயிறாகத் தட்டிக்கொண்டே வந்தாள். எல்லாக் கயிறும் தொய்வாகத் தொப்பு தொப்பு என்றது. சம்பராயன் தங்கிய விருந்தாளி மாளிகைக்கு மேல் இருந்த கயிறு மட்டும் வீணை நரம்பு போல டிங்கென்றது.

"அடி ஆத்தா! பாரம் இங்கேயா இருக்கு?" என்றாள்.

மாளிகை மேல்சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சம்பராயன் தூங்கிக்கொண்டிருந்தான். கழுத்தில் ஈயக்குண்டு மாலை. எண்ணினாள். பதினாலு குண்டு. கட்டில் கால் தரைக்குள் அரைச்சாண் புதைந்திருந்தது.

நேரே ராஜாவிடம் போனாள். பக்கத்தில் தராசுக்காரர் அனவரதம் நின்றார். சட்டம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"ராஜா, போனவங்க எங்கேயும் போகலை. அந்த ஆள் கழுத்தில் குண்டாய்த் தொங்குறாங்க. நாளுக்கு நாள் கனக்குறாங்க. அதுதான் ஊர் இறங்குது. அவனைத் தராசில் ஏத்துங்க."

ராஜா காதைப் பொத்திக்கொண்டார். "விருந்தாளியையா? ஊர் கீழே போனாலும் நம்ம பேர் கீழே போகக்கூடாது தாயே."

"ஊர் போனப்புறம் பேரைச் சொல்ல யார் இருப்பாங்க ராஜா?"

"அவர் விருந்தாளியாய் இருக்கிறவரைக்கும் என் வாயால் அந்த வார்த்தை வராது."

வேம்பி சற்று யோசித்தாள். "இருக்கிறவரைக்கும்தானே? சரி. அனவரதம் அண்ணாச்சி, நாளைக்கு எங்கூடப் பணியாரக் கூடை தூக்கிட்டு வருவீங்களா? சாட்சி வேணும்."

"கூடை எத்தனை எடை?" என்றார் அவர்.

"நீங்க வழியில் எடுத்துத் தின்னாம வந்தா ரெண்டு சேர்!"

முதல் நாள். வேம்பி சுடச்சுட வெல்லப் பணியாரத்தோடு மாளிகை நிலைப்படியில் போய் நின்றாள். வாசனை உள்ளே போனது. அவள் போகவில்லை.

"என்ன அங்கேயே நிற்கிறாய்? கொண்டுவா" என்று ஆளை அனுப்பினான் சம்பராயன்.

"வீட்டில் இருக்கிறவங்க வாய் திறந்து கூப்பிடாம உள்ளே கால் வைக்கிற வழக்கம் எங்க குடும்பத்தில் இல்லீங்க."

பணியாரம் ஆறிக்கொண்டிருந்தது. அவன் நாக்கு ஊறிக்கொண்டிருந்தது. "அட, வா! உள்ளே வா!" என்று கத்தினான்.

அனவரதம் காதோரம் முணுமுணுத்தார்: "ஒண்ணு."

ரெண்டாம் நாள். "சுவாமியைப் பற்றி ஊரில் என்னென்ன பேசிக்கிறாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தாள் வேம்பி. அவன் முகம் மலர்ந்தது. அவள் நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"மேலே சொல்லு, மேலே சொல்லு!"

"சொல்லிடுவேன். கயித்தில் ஏறி ஏறி முழங்கால் விட்டுப்போச்சு சுவாமி. நின்னுக்கிட்டே புகழ்ந்தா புகழும் பாதியில் நின்னுடுது."

புகழுக்கு அலைகிறவனுக்குப் பொறுமை ஏது? காலடியில் கிடந்த பலகையைத் தன் கையாலேயே தள்ளிவிட்டான். "உட்கார்ந்து தொலை, சொல்லு!"

"ரெண்டு" என்றார் அனவரதம்.

மூன்றாம் நாள். வேம்பி போனாள், பேசினாள், நடுவில் இருமினாள். "தொண்டை வறளுது சுவாமி. ஒரு வாய் தண்ணி..."

சம்பராயன் கண்ணைச் சுருக்கினான். பிறகு மாளிகை அதிரச் சிரித்தான். "அடி கெட்டிக்காரி! வா என்று சொல்ல வைத்தாய், பலகை போட வைத்தாய், இப்போது தண்ணீரா? உன் ஊர்ச் சட்டம் எனக்கும் தெரியும். என் கையால் ஒரு சொட்டு கிடைக்காது. போ! நாளைக்குப் பிள்ளையைக் கொண்டுவா!"

திரும்பி வருகையில் அனவரதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போச்சே தாயி, மூணாவது போச்சே."

"ஏன் அண்ணாச்சி இப்பவே அழுறீங்க? நாளைக்கு ஒரு பொழுது இருக்கே" என்றாள் வேம்பி. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குத் தலை பின்னினாள், அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். "தாயே, நான் செய்யறதைச் செய்யறேன். நீ செய்யறதை நீ செய்" என்றாள். அவ்வளவுதான் அவள் பிரார்த்தனை.

நாலாம் நாள் காலை. விருந்தாளி மாளிகை முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. ராஜா தலை குனிந்து நின்றார். கீழே ஆவிக்கடலின் சூடு பாதத்தில் தெரிந்தது. பவளம் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேம்பி முன்னால் வந்தாள். "சுவாமி, தோத்துட்டேன். பிள்ளைக்குப் பதிலா என்னை எடுத்துக்கோங்க. அது ரெண்டு மணங்குகூட இல்லை. நான் அஞ்சு மணங்கு."

சம்பராயன் கண் பளபளத்தது. அஞ்சு மணங்கு! மாலையில் பெரிய குண்டு! அவன் விருந்தை மறந்தான், சட்டத்தை மறந்தான். கமண்டலத்தைச் சாய்த்து, "இந்தா, குடி!" என்று அவள் கையில் ஊற்றினான்.

வேம்பி குடிக்கவில்லை. ஏந்திய கையை ஊருக்குக் காட்டினாள்.

"மூணு!" என்று கத்தினார் அனவரதம். அந்த ஊரில் அவர் கத்தி யாரும் கேட்டதே இல்லை. "வா என்று சொன்னார், பலகை போட்டார், தண்ணீர் கொடுத்தார்! இவர் வீட்டுக்காரர்! ஏறணும் தராசில்!"

"இது தீர்த்தம்! தண்ணீர் இல்லை!" என்று பதறினான் சம்பராயன்.

"யார்கிட்ட? நேத்து மழைத்தொட்டியிலிருந்து உம்ம ஆள் மொண்டு நிரப்பினதை நான் பார்த்தேன் ஐயா. அளந்துகூட வச்சேன். மூணு உழக்கு!" என்றார் அனவரதம்.

ராஜா நிமிர்ந்தார். ரெண்டு வருஷமாக வராத சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. "விருந்தாளி இல்லையா? அப்போ ஏத்துங்கய்யா!"

இருபது பேர் சேர்ந்து அவனைத் தூக்கி அரண்மனை வாசலுக்குக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தார்கள். தட்டு தடாலென்று இறங்கியது. சத்தியத் தராசு ஒரு ஆட்டம் ஆடியது. வந்த நாளிலேயே அவன் மடியில் மறைத்துக் கொண்டுவந்திருந்த திருட்டுப் பொன்மூட்டை முதலில் கழன்று விழுந்தது. மாலை நூல் அறுந்தது. ஒரு குண்டு உருண்டது, மாடக்கண்ணு எழுந்து நின்றான். இன்னொரு குண்டு உருண்டது, பூக்காரி எழுந்து நின்றாள். பதினாலு குண்டு, பதினாலு பேர். அடுத்தவருடையது எல்லாம் போனபின் சம்பராயனிடம் மிஞ்சியது என்ன? இலவம்பஞ்சு எடைகூட இல்லை. தட்டு மேலே போனது, அவனும் மேலே போனான். மேல்காற்று ஒரு ஊது ஊதியது. எந்தத் திசையில் போனான் என்று யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் வந்தவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பவளம் மட்டும் தள்ளி நின்று மாடக்கண்ணுவை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பா, நீ இளைச்சுட்டே."

"ரெண்டு வருஷமா ஒருத்தன் கழுத்தில் தொங்கினா நீயும்தான் இளைப்பே கண்ணு" என்றான் அவன், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு.

மஞ்சுப்பட்டணம் அன்று மதியத்துக்குள் ஒரு பனை உயரம் ஏறியது. பாதச்சூடு அடங்கியது. ராஜா வேம்பிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். இடுப்புக்கயிறு நைந்துவிட்டது, புதுசு வேண்டும் என்றாள். அவர் அதையும் கொடுத்து, அரண்மனையில் ராஜாவுக்குச் சமமாக ஒரு பலகையும் போட்டார். அவள் வேலை இல்லாத நாளில் மட்டும் போய் உட்கார்ந்தாள்.

கதை இவ்வளவுதான். கேட்ட உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்குச் சாமி கும்பிடும்போது, உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பத்திரமாக இறங்கி வரணும் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.