வளராத மரமும் வளர்ந்த பொய்யும்

கடல் இப்போது இருக்கும் இடத்துக்கு இரண்டு காதம் அப்பால் கிடந்த காலம் அது. கொல்லையூரைச் சேந்தன் என்றோர் அரசன் ஆண்டான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அவன் முன்னால் குற்றவாளியாக நின்ற எவனும் மறுநாள் சூரியனைப் பார்த்ததில்லை.

ஒருநாள் கோட்டை மதில் வெடிப்பில் மூன்று ஆலங்கன்றுகளைக் கண்டான். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். "பிடுங்கி எறி!" என்றான்.

காவலன் தலையைச் சொறிந்தான். "நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இவ்வளவுதாங்க இருந்துது. பதினெட்டு வருஷமாச்சு, மகாராசா."

அரசனுக்கு ஆசை பிறந்தது. மூன்றையும் பெயர்த்துத் தட்டையான மண்சட்டிகளில் நட்டான். நீங்கள் இன்று போன்சாய் என்கிறீர்களே, அதேதான்! முதல் மரத்தைத் தண்ணீர் ஊற்றியே அழுக வைத்தான். இரண்டாவதைக் கண்டபடி வெட்டியே கொன்றான். மூன்றாவதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று நாள் தொடாமல் பார்த்தால், எந்தக் கொழுந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மரமே காட்டியது. அதன் பிறகே கத்தரியை எடுத்தான். அந்த மரம் பிழைத்தது.

"எறும்புக்கு நிழல் வளர்க்கிறார்" என்று அரண்மனை சிரித்தது. சிரிக்கட்டும்.

அடுத்த ஆண்டு ஆற்றுக்கு அக்கரையில் பகைவன் படையோடு வந்து இறங்கினான். அன்று மாலையே மேற்கு வாசல் கதவைக் குறுக்கே தாழிடும் கணைய மரத்தை யாரோ தூக்கிவிட்டிருந்தார்கள். நல்லவேளை, காவலர் பார்த்து மூடினார்கள்.

வாசல் அதிகாரி பூதன் ஓடி வந்தான். "கணையத்தைத் தூக்கியவர் தளபதி சாத்தன். என் கண்ணால் பார்த்தேன்!"

சாத்தன் யார்? அரசனின் தங்கை நங்கையின் கணவன். அரசனின் கை வாளுக்குப் போனது. பாதி உருவிய வாளை அரசன் பல்லைக் கடித்துக்கொண்டு உறைக்குள் தள்ளினான்.

"மூன்று நாள்" என்றான். "சாத்தனைக் கட்டிக் காவலில் வையுங்கள். இருவரும் தினமும் என் முன் வந்து பார்த்ததைச் சொல்லட்டும்."

"பகைவன் வாசலில் நிற்கிறான், அரசே! மூன்று நாளில் கோட்டையே போய்விடும்" என்று அமைச்சர்கள் பதறினார்கள். அரசனும் மதில் மேல் ஏறி அக்கரையைப் பார்த்தான். ஆனாலும் பொறுத்தான்.

முதல் நாள் சாத்தன், "மதிலைச் சுற்றி வந்தேன், வேறொன்றும் அறியேன்" என்றான். பூதன், "கணையத்தைத் தூக்கினார்" என்றான்.

இரண்டாம் நாள் சாத்தன் அதையே சொன்னான். பூதன், "கையில் பகைவனின் ஓலையும் இருந்தது" என்றான். அக்கரையில் முரசு கேட்டது.

மூன்றாம் நாளும் சாத்தன் அதையே சொன்னான். பூதனோ, "ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு தமது சாம்பல் குதிரையில் ஏறிப் போனார்" என்றான்.

அரசன் எழுந்தான். "அந்தக் குதிரையை அன்று மாலை இரவல் வாங்கிக்கொண்டு, கிழக்கு வாசல் வழியே பகைவனின் கூடாரங்களை எண்ணப் போனவன் நான். மெய் நேற்றிருந்த உயரத்திலேயே நிற்கிறது, பூதா. உன் பேச்சுதான் தினமும் ஒரு கிளை விடுகிறது."

பூதன் காலில் விழுந்தான். தளபதி பதவிக்கு ஆசைப்பட்டுக் கணையத்தைத் தூக்கியவன் அவனேதான். அவனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, மைத்துனனின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தான் அரசன்.

"வாருங்கள் மாப்பிள்ளை, பகைவன் மேல் படை நடத்தப் போகுமுன் தங்கையிடம் நானே ஒப்படைக்கிறேன்" என்று மகிழ்ச்சியோடு கூட்டிப் போனான்.

நங்கை வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. கணவனைக் கண்டதும் அலறிவிட்டாள்.

"முதல் நாளே கழற்றிவிட்டேன், அண்ணா. இவரைக் குற்றவாளியாக உங்கள் முன் நிறுத்தினார்கள் என்று சொன்னார்களே! பிறகு எதற்குக் காத்திருப்பது?"

அரசன் தங்கையின் காலடியில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாக எல்லோரும் பார்க்க அழுதான்.

வெட்டும் அதிகாரம் உள்ளவன் வெட்டாமல் பார்த்திருக்கப் பழகவேண்டும். ஒரு சாண் மரத்திடமாவது அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.